குமரி மாவட்டத்தில் லோடு வண்டி எடுக்கப் போகிறவர்களுக்கு: பெட்ரோலா, சிஎன்ஜியா, டீசலா, ஹைபிரிட்டா?

முதல் லோடு வண்டி எடுப்பவர் ஷோரூமில் கேட்கும் முதல் கேள்வி “மைலேஜ் எவ்வளவு கிடைக்கும்?” என்பதுதான். பதிலாக வருவது கம்பெனித் தாளில் இருக்கும் எண். அதை நம்பி வாடகை பேசினால் மூன்றாவது மாதமே தவணை கட்டக் கை கடிக்கும். கீழே உள்ளவை ஒரு டன்னுக்கு உட்பட்ட சின்ன வண்டிகளுக்கானவை: டாடா ஏஸ், மாருதி சூப்பர் கேரி, மஹிந்திரா ஜீத்தோ மாதிரியானவை. பிக்கப்புக்கும் இதே கணக்குதான், எண்கள் மட்டும் பெரிதாகும்.

1. ஷோரூமுக்குப் போகும் முன் ஒரு வாரம் எழுதுங்கள்

ஏற்கெனவே வாடகை வண்டி பிடித்துத்தான் சரக்கு அனுப்புகிறீர்கள் என்றால் இது எளிது. ஒரு நோட்டில் நாள்தோறும் நான்கு விஷயம் எழுதுங்கள்: மொத்தக் கிலோமீட்டர், அதில் காலியாகத் திரும்பியது எவ்வளவு, ஏற்றிய எடை, எத்தனை இடத்தில் நிறுத்தி இறக்கினீர்கள்.

கடைசியாகச் சொன்னதைப் பலர் எழுதுவதில்லை. தோவாளையில் பூ ஏற்றி நேரே திருவனந்தபுரம் போகும் வண்டியும், நாகர்கோவிலில் முப்பது கடைக்குத் தண்ணீர் கேன் போடும் வண்டியும் ஒரே நாளில் ஒரே தூரம் ஓடலாம். எரிபொருள் செலவு ஒன்றாக இருக்காது. ஒவ்வொரு முறை நின்று கிளம்பும்போதும் முழு எடையையும் சுழியத்திலிருந்து தள்ள வேண்டும். இன்ஜினை அணைக்காமல் இறக்கினால் மணிக்கு அரை லிட்டருக்குமேல் சும்மாவே போகும்.

எடையை ஊகிக்காதீர்கள். வே பிரிட்ஜில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். மீன் லோடில் மீனுக்குச் சமமாக ஐஸ் போடுவது வழக்கம், அதனால் குளச்சலிலோ தேங்காய்ப்பட்டணத்திலோ 300 கிலோ மீன் ஏற்றினால் பெட்டியும் சேர்த்து 600 கிலோவைத் தாண்டிவிடும். வாழைக்குலையில் ஏமாறுவது இன்னும் எளிது. ஏத்தன் குலை அடுக்கினால் வண்டி நிறைந்ததாகத் தெரியும் முன்பே எடை எல்லையைத் தொட்டுவிடும்.

2. கம்பெனி எண்ணை எப்படி வாசிப்பது

அந்த எண் பொய்யில்லை. அது சாலையில் எடுத்ததும் இல்லை. வண்டியை உருளைகள்மேல் நிறுத்தி, வகுத்து வைத்த வேக அட்டவணைப்படி ஓட்டி எடுப்பது. காற்று இல்லை, ஏற்றம் இல்லை, மார்த்தாண்டம் சந்தை நெரிசல் இல்லை. ஒரு மாடலின் பெட்ரோல் வகையையும் சிஎன்ஜி (அழுத்தி நிரப்பும் இயற்கை வாயு) வகையையும் ஒப்பிட அது உதவும். மாதச் செலவைக் கணிக்க உதவாது.

எடுத்துக்காட்டாக, பிஎஸ்6 (இப்போதைய புகைக் கட்டுப்பாட்டு விதி) சூப்பர் கேரிக்குக் கம்பெனி சொன்னது பெட்ரோலில் லிட்டருக்கு 18 கிலோமீட்டர், சிஎன்ஜியில் கிலோவுக்கு 23.24 கிலோமீட்டர். இங்கே ஒரு குழப்பம் வரும். 23 என்பது 18-ஐ விடப் பெரிது என்பதால் சிஎன்ஜி இன்ஜின் கெட்டிக்காரத்தனமானது என்று பொருளில்லை. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல், ஒரு கிலோ சிஎன்ஜியில் 48-ஐ ஒட்டி. அளவையே வேறு. ஆகவே மைலேஜை மைலேஜோடு ஒப்பிடாதீர்கள், கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய் என்று மாற்றியே பாருங்கள்.

அதே தாளில் இன்னொரு வரி இருக்கும்: ஏற்றும் திறன். சூப்பர் கேரி பெட்ரோலில் 740 கிலோ, சிஎன்ஜியில் 625. சிலிண்டரின் எடை உங்கள் சரக்கின் எடையிலிருந்துதான் கழிகிறது. நாள்தோறும் 700 கிலோ ஏற்றுகிறவருக்கு மைலேஜ் எவ்வளவாக இருந்தாலும் அந்தச் சிஎன்ஜி வண்டி ஆகாது. “கொஞ்சம் கூட ஏத்திக்கலாம் சார்” என்று விற்பனையாளர் சொல்வார். மோட்டார் வாகனச் சட்டப்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய், அதோடு மிகுதியை இறக்கிவிடும் செலவும் உங்கள் தலையில்தான்.

3. நம் சாலைகள் மைலேஜை எங்கே தின்கின்றன

நெரிசல். நாகர்கோவிலிலிருந்து சுங்கான்கடை, தக்கலை, மார்த்தாண்டம் வழியாகக் களியக்காவிளை வரை ஊர் முடிந்து ஊர் தொடங்குவது தெரியாது. மூன்றாவது கியருக்குமேல் நிம்மதியாகப் போடக் கிடைப்பது சில இடங்களில்தான். மார்த்தாண்டம் மேம்பாலம் கீழே இருக்கும் கடைக்கு இறக்கப் போகிறவருக்கு உதவாது.

ஏற்றம். குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் ஷீட்டும் ஒட்டுபாலும் ஏற்றுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுங்கள். சரக்கோடு 1,600 கிலோ எடையுள்ள பெட்ரோல் வண்டி 100 மீட்டர் உயரம் ஏற ஏறத்தாழ 200 மில்லி பெட்ரோல் தனியாகச் செலவாகும். இது தூரத்துக்கு ஆவதற்கு மேலே. இறக்கத்தில் அது திரும்பக் கிடைக்காது, பிரேக்கில் சூடாகிப் போகும். ஏற்றிக்கொண்டு இறங்குகிறீர்களா, ஏற்றிக்கொண்டு ஏறுகிறீர்களா என்பதும் முக்கியம். மலையோரத்திலிருந்து ஷீட் இறக்குகிறவர் காலியாக ஏறுவார், அவருக்கு அடி குறைவு. தோட்டத்துக்கு உரமூட்டை ஏற்றுகிறவருக்கு அடி முழுசு.

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் எண்ணெய் மிச்சம் என்பது பழைய கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். இப்போதைய வண்டியில் கியரில் வைத்துக் காலை எடுத்தால் எரிபொருள் தெளிப்பே நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால்தான் இன்ஜின் அணையாமலிருக்க எண்ணெய் குடிக்கும். பிரேக்கும் சூடேறும்.

காற்று. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. தென்மேற்குப் பருவத்தில் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வீசும் காற்று, வள்ளியூர் போகும்போது முதுகில் தள்ளும், நாகர்கோவில் திரும்பும்போது முகத்தில் அடிக்கும். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டிக்கு எதிரே 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால், காற்றைக் கிழிக்க ஆகும் விசை இரண்டரை மடங்கு. மூடிய கண்டெய்னர் பாடி கட்டியிருந்தாலோ தார்ப்பாய் புடைத்திருந்தாலோ இன்னும் மோசம். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை இந்த வழி ஓடுகிறவர்கள் ஏப்ரலில் எடுத்த மைலேஜை வைத்து வாடகை பேசக் கூடாது.

எத்தனால். இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இப்போது பங்க்கில் வருகிறது. எத்தனாலில் பெட்ரோலில் உள்ள ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்குதான் உண்டு. பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர் ஐந்து வருடம் முன்பு சொன்ன மைலேஜை இன்றைய கணக்கில் சேர்க்காதீர்கள்.

4. நீங்களே அளக்கும் முறை

வாங்கும் முன் அதே மாடல் வைத்திருக்கும் இருவரிடம் கேளுங்கள். அவர்கள் இந்த முறையில் அளந்தார்களா என்றும் கேளுங்கள்.

காலையில் ஒரே பங்க்கில், ஒரே பம்பில், நாசில் தானாக நிற்கும் வரை நிரப்புங்கள். அதன்பின் “ரவுண்டு பண்ணிடவா?” என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், ரவுண்டு பண்ணும் ஒவ்வொரு முறையும் கணக்கு மாறும். டிரிப் மீட்டரைச் சுழியமாக்குங்கள். டேங்க் பெரும்பகுதி காலியாகும் வரை வழக்கமான லோடோடு ஓட்டி, அதே பம்பில் திரும்பவும் தானாக நிற்கும் வரை நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாவது முறை ஏறிய லிட்டரால் வகுங்கள். மூன்று முறை செய்து சராசரி எடுங்கள், ஒரு முறை எடுத்த எண்ணை நம்ப வேண்டாம்.

டேஷ்போர்டில் தெரியும் சராசரி மைலேஜ் ஓட்டுநரைத் திருத்த உதவும், கணக்குக்கு உதவாது. ஓடோமீட்டரையும் ஒருமுறை நெடுஞ்சாலைக் கிலோமீட்டர் கற்களோடு பத்து கிலோமீட்டர் தூரம் ஒப்பிட்டுவிடுங்கள். பங்க்கில் அளவு குறைகிறது என்று சந்தேகம் வந்தால் சண்டை வேண்டாம். முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவுக் குவளை ஒவ்வொரு பங்க்கிலும் இருக்க வேண்டும், அதில் பிடித்துக் காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

5. நான்கு வகையும் எப்படி நடந்துகொள்ளும்

பெட்ரோல்: வண்டி விலை குறைவு, பராமரிப்பு எளிது, எங்கும் கிடைக்கும். நாளுக்கு 40 கிலோமீட்டருக்குள் ஓடுகிறவருக்கு வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. மிச்சம் பிடிக்கப் போதுமான தூரமே அங்கு இல்லை.

சிஎன்ஜி: கிலோமீட்டர் செலவு நன்றாகக் குறையும், ஆனால் பங்க் எங்கே இருக்கிறது என்பதே எல்லாவற்றையும் முடிவு செய்யும். 60 லிட்டர் கொள்ளளவு என்று எழுதியிருந்தால் 60 கிலோ என்று நினைக்காதீர்கள். அது சிலிண்டரின் தண்ணீர்க் கொள்ளளவு. 200 பார் அழுத்தத்தில் அதில் அடங்குவது 9 முதல் 10 கிலோ. மதிய வெயிலில் நிரப்பினால் வாயு விரிந்து இன்னும் குறைவாகவே ஏறும், எனவே விடிகாலையில் நிரப்புங்கள். வரிசை எவ்வளவு நேரம் நிற்கிறது, பங்க்கில் அழுத்தம் முழுசாக இருக்கிறதா என்பதை வாங்கும் முன் இரண்டு நாள் நேரில் போய்ப் பாருங்கள். முழு லோடில் மலையோர ஏற்றங்களில் இழுவை குறைவது தெரியும், அந்த இடத்தில் பெட்ரோலுக்கு மாற்றிவிடுங்கள்.

சிஎன்ஜி வண்டியின் பெட்ரோல் டேங்க் அளவையும் கேளுங்கள். சிலவற்றில் அது ஐந்து லிட்டர் அவசர டேங்க் மட்டும்தான். அதை மாதக்கணக்கில் தொடாமல் வைத்தால் நம் ஈரக்காற்றில் எத்தனால் பெட்ரோல் தண்ணீர் இழுத்துக் கெட்டுப்போகும். வாரம் ஒருமுறை பத்துப் பதினைந்து கிலோமீட்டர் பெட்ரோலில் ஓட்டி, புதிதாக நிரப்புங்கள்.

பெட்ரோல் வண்டி வாங்கி வெளியே சிஎன்ஜி கிட் மாட்டினால் மலிவு என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். இன்ஜின் வாரண்டி சிக்கலாகும், ஆர்சியில் (பதிவுச் சான்று) எரிபொருள் வகையை மாற்ற வேண்டும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும். இதில் ஒன்றை விட்டாலும் விபத்து இழப்பீட்டின்போது சிக்குவீர்கள். புது வண்டிக்குக் கம்பெனியே பொருத்தித் தருவதை எடுப்பதுதான் சரி.

டீசல்: பாரம் இழுக்க நல்லது, நீண்ட ஓட்டத்துக்கு நல்லது. ஆனால் பிஎஸ்6 டீசல் பலவற்றில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் வடிகட்டி உண்டு. அந்தக் கரி எரிந்து போக இன்ஜின் சூடாகி, நிறுத்தாமல் பதினைந்து இருபது நிமிடம் சீரான வேகத்தில் ஓட வேண்டும். வடசேரி சந்தைக்கும் கோட்டாறுக்கும் நடுவே மட்டும் ஓடும் வண்டிக்கு அது எங்கே கிடைக்கும்? கரி அடைத்து விளக்கு எரியும், இழுவை போகும், சர்வீஸ் சென்டரில் கட்டாயமாக எரிக்க வேண்டி வரும். விளக்கு எரிந்த அன்றே காவல்கிணறு தாண்டி நான்குவழிச் சாலையில் ஓட்டிவிட்டு வந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். திருநெல்வேலி, மதுரை ஓட்டம் வாரம் இரண்டு முறையாவது இருப்பவருக்கு டீசல் பொருந்தும். யூரியாக் கரைசல் ஊற்ற வேண்டிய மாடலா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், அதுவும் ஒரு செலவு.

மின்சாரம்: டாடா ஏஸ் இவி 2022-ல் வந்தது. பேட்டரி 21.3 யூனிட், கம்பெனி சொன்ன தூரம் 154 கிலோமீட்டர். லோடு, ஏற்றம் எல்லாம் சேர்ந்தால் அதில் மூன்றில் இரண்டு பங்கை வைத்துத் திட்டமிடுவது பாதுகாப்பு. ராத்திரி ஒரே இடத்தில் நிற்கும், பகலில் டவுனுக்குள் சுற்றும், நின்று நின்று போகும் ஓட்டத்துக்கு இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலில் ஒரு பங்கைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும். மீன் லோடுக்கு எடுப்பதானால் உப்புத்தண்ணீர் ஒழுகாத பெட்டி கட்டாயம். இது எந்த வண்டிக்கும் பொருந்தும், ஐஸ் உருகி வழியும் தண்ணீர் சேஸிஸைத் தின்றுவிடும்.

6. ஹைபிரிட் பற்றி

ஹைபிரிட் என்றால் பெட்ரோல் இன்ஜினோடு பேட்டரியும் மின் மோட்டாரும் சேர்ந்த வண்டி. வெளிநாட்டில் இருக்கும் மகனோ மச்சானோ “ஹைபிரிட் டிரக் எடுங்க” என்று சொன்னால், அவர் தன் ஊர்ச் சாலையை வைத்துச் சொல்கிறார். அவர் சொல்வது சரிதான். அமெரிக்காவில் ஃபோர்டு மேவரிக் என்ற சின்ன டிரக்கின் 2022 மாடல் ஹைபிரிட்டுக்கு அந்த நாட்டு அரசின் மதிப்பீடு நகரத்தில் கேலனுக்கு 42 மைல், நெடுஞ்சாலையில் 33. அதே டிரக்கின் முன்சக்கர இழுவை பெட்ரோல் வகைக்கு நகரத்தில் 23, நெடுஞ்சாலையில் 30. நம் அளவில் சொன்னால் நகரத்தில் லிட்டருக்கு 18-க்கு எதிராக 10, நெடுஞ்சாலையில் 14-க்கு எதிராக 13.

இந்த நான்கு எண்ணையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். நின்று நின்று போகும் இடத்தில் ஹைபிரிட் ஏறத்தாழ இரட்டிப்பாகத் தருகிறது. சீரான ஓட்டத்தில் வித்தியாசம் பெயரளவுக்கே. பிரேக்கில் வீணாவதைப் பேட்டரிக்குத் திருப்புவதில்தான் அதன் லாபமே. பிரேக் பிடிக்காத சாலையில் திருப்ப என்ன இருக்கிறது?

நாகர்கோவில்–களியக்காவிளைச் சாலை ஹைபிரிட்டுக்கென்றே போட்டது போலத்தான் இருக்கிறது. ஆனால் நாம் பேசும் இந்தச் சின்ன லோடு வண்டிகளில் முழு ஹைபிரிட் விற்பனையில் இல்லை, கார்களில்தான் உண்டு. மாருதி கிராண்ட் விட்டாராவில் முழு ஹைபிரிட்டுக்கு 27.97, சாதாரணப் பெட்ரோல் மேனுவலுக்கு 21.11 என்று சொன்னார்கள். இரண்டும் ஆய்வக எண்கள். பொருள் கொண்டுபோகக் காரே போதும் என்கிற மருந்து வியாபாரி, நகை வியாபாரி போன்றவர்கள் மட்டும் அந்தப் பக்கம் யோசிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: “மைக்ரோ ஹைபிரிட்” என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், சிக்னலில் நின்றால் இன்ஜின் தானாக அணையும் என்பதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

7. கணக்கு

இந்த எண்கள் முறையைக் காட்டுவதற்கு. உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் 102 ரூபாய், உண்மையான மைலேஜ் 13 என்றால் கிலோமீட்டருக்கு 7.85 ரூபாய். சிஎன்ஜி கிலோ 92 ரூபாய், மைலேஜ் 17 என்றால் 5.41. மிச்சம் 2.43 ரூபாய். சிஎன்ஜி வண்டிக்கு 90,000 ரூபாய் கூடுதல் என்றால், அதை எடுக்க ஏறத்தாழ 37,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடினால் 25 மாதம்.

இதோடு பெரும்பாலானவர்கள் நிறுத்திவிடுவார்கள். பங்க்குக்குப் போய்வரும் தூரத்தைச் சேர்க்கவில்லையே! பத்து கிலோ நிரப்பினால் 170 கிலோமீட்டர். அதில் போக எட்டு, வர எட்டு என்று 16 கிலோமீட்டர் வெறும் ஓட்டம். சம்பாதிக்கும் ஓட்டம் 154 மட்டும். 920 ரூபாயை 154-ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 5.97. மிச்சம் 1.87-ஆகக் குறைகிறது, 25 மாதம் 32 மாதமாகிறது. வரிசையில் நிற்கும் நேரத்துக்கு இதில் கூலி போடவில்லை. கூடுதல் தொகைக்கு லோன் போட்டால் வட்டியும் சேரும். பங்க் வழியிலேயே இருந்தால் சிஎன்ஜி, சுற்றிப் போக வேண்டுமென்றால் பெட்ரோல் என்று நான் சொல்வது இந்தக் கணக்கினால்தான்.

எந்த எரிபொருளானாலும் மாறாத செலவுகளை இந்த ஒப்பீட்டில் கலக்காதீர்கள். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் ஓர் உதாரணம். 2022-ல் அறிவித்த கட்டணப்படி 7,500 கிலோ வரையான சரக்கு வண்டிக்கு ஆண்டுக்கு 16,049 ரூபாய், வரி தனி. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் அது ஒன்றே.

கேரளம் போகிறவர்கள் களியக்காவிளைக்கு முன்பே டேங்க் நிரப்புங்கள். அங்கே பெட்ரோலும் டீசலும் லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதல்.

8. ஆவணங்கள்

லோனுக்கு: ஆதார், பான், ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம், ஓட்டுநர் உரிமம், வருமான வரித் தாக்கல் இருந்தால் அதுவும். கேட்பார்கள் என்று தெரிந்ததை முன்பே இரண்டு பிரதி எடுத்து வையுங்கள்.

பதிவுக்கு: படிவம் 20 (விண்ணப்பம்), 21 (விற்பனைச் சான்று), 22 (தயாரிப்பாளர் சான்று), இன்சூரன்ஸ், முகவரிச் சான்று, லோன் இருந்தால் படிவம் 34. சேஸிஸாக எடுத்து வெளியே பாடி கட்டினால் 22ஏ-யும் வேண்டும். அகஸ்தீஸ்வரம், தோவாளைப் பக்கத்தவர்களுக்கு நாகர்கோவில் ஆர்டிஓ, டிஎன் 74. விளவங்கோடு பக்கத்தவர்களுக்கு மார்த்தாண்டம், டிஎன் 75.

மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருந்தால் பெர்மிட் தேவையில்லை. மின்சார வண்டிக்கும் தேவையில்லை. 7,500 கிலோ வரை சாதாரண எல்எம்வி (இலகு ரக வாகன) உரிமமே போதும், 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வும் இதை உறுதி செய்தது. எஃப்சி (தகுதிச் சான்று) முதலில் இரண்டு ஆண்டு, எட்டு ஆண்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும். புகைச் சான்று புது வண்டிக்கு ஓராண்டு கழித்து. சிஎன்ஜி என்றால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சிலிண்டர் சோதனை. அந்தத் தேதி தாண்டியிருந்தால் பங்க்கில் வாயு அடிக்க மாட்டார்கள்.

பெட்ரோல், சிஎன்ஜி, டீசல் வண்டியின் விலைப்பட்டியலில் ஜிஎஸ்டி 18 விழுக்காடாக இருக்க வேண்டும், 2025 செப்டம்பர் 22-க்கு முன்பு அது 28. பழைய தாளைக் காட்டினால் திருப்பிக் கொடுங்கள். உங்களுக்கு ஜிஎஸ்டி எண் இருந்தால் சரக்கு வண்டிக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரவாக (நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழிவாக) எடுக்கலாம், பில்லில் அந்த எண் ஏறியிருக்கிறதா பாருங்கள். டெலிவரிக்குப் பிறகு திருத்தச் சொன்னால் அலைச்சல்தான்.

9. எப்போது எடுப்பது

டிசம்பர் கடைசியில் தள்ளுபடி தருவார்கள். படிவம் 21-இல் உற்பத்தி மாதமும் ஆண்டும் இருக்கும். ஜனவரியில் பதிவானாலும் விற்கும்போது உற்பத்தி ஆண்டைத்தான் பார்ப்பார்கள், அந்த இழப்பைவிடத் தள்ளுபடி பெரிதாக இருந்தால் மட்டும் எடுங்கள்.

டெலிவரி அன்று டயர் அழுத்தத்தைக் கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ளபடி லோடுக்கு ஏற்றவாறு வைக்கச் சொல்லுங்கள், குறைந்த காற்றில் ஓட்டுவது எண்ணெயைத் தரையில் ஊற்றுவதற்குச் சமம். சிஎன்ஜி என்றால் நிரப்பும் வால்வருகே உள்ள தகட்டைப் போட்டோ எடுத்து, அடுத்த சோதனைத் தேதியை போனில் நினைவூட்டலாகப் போடுங்கள். முதல் மூன்று டேங்க் மைலேஜைக் கண்டு பயப்பட வேண்டாம், இன்ஜின் இன்னும் பழகவில்லை. முதல் சர்வீஸ் முடிந்த பிறகு 4-ஆம் படியில் சொன்னபடி அளந்து, வாடகையை அந்த எண்ணை வைத்துப் பேசுங்கள்.